வசிப்போர் எத்தனை பேர்

வலங்கைமானில் வீடு, மனை வாங்கவும் விற்கவும் ஆள் பிடித்துக் கொடுப்பது என் தொழில். சுற்றுவட்டாரத்தில் நான் கைமாற்றிவிட்ட வீடுகள் நூறுக்கு மேல் இருக்கும். என் சொந்த வீட்டை மட்டும் என்னால் விற்க முடியவில்லை. பத்திரத்தில் குறையில்லை. பட்டா என் பேரில். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஒரு வரிகூட வராது. வாங்குவதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தயாராக இருந்தார். வீட்டைப் பார்த்து எழுதிய ரிப்போர்ட் ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டார். எழுதியாயிற்று. அந்தக் காகிதம் ஆறு வருஷமாக எங்கள் பீரோவில், என் மனைவியின் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

வீட்டை ஏன் விற்க நினைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண். எட்டு வயதில் போய்விட்டாள். கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால். மேட்டூர் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, கடைசியில் எங்கள் வாய்க்காலுக்கு வந்துசேருகிற அன்றைக்கு ஊரே கரையில் நிற்கும். காய்ந்துகிடந்த வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாகத் தவழ்ந்து வரும். அதற்கு முன்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நானும் அப்படி ஓடியவன்தான். கணுக்கால் தண்ணீர், அதில் என்ன பயம்? மதகின் மேல் நின்றுகொண்டு, "ஓடு, ஓடு, தண்ணி வந்துருச்சு பாரு" என்று என் பெண்ணைப் பார்த்துக் கத்தியவன் நான். தண்ணீர் அவளை முந்தியது. எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் அதற்குள் குதித்தாள். அவள் குதித்த இடத்தில் கோடையில் யாரோ மண் எடுத்த பள்ளம் இருந்தது. நுரை மூடியிருந்ததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் கொல்லைப் பக்கம் அந்தச் சலசலப்பு கேட்கும்போது எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. பஸ் ஏறி எங்காவது போய்விடுவேன். தஞ்சாவூரில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்துவைத்திருந்தேன். தண்ணீர் என்றால் குழாயில் வருவது மட்டும்தான். என் மனைவியோ, "குறுவை அறுப்பு முடியட்டும்", "தை பொறக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒன்பது வருஷம் தள்ளினாள். ஒரு பங்குனியில் திடீரென்று "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். அவள் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டு ஓவர்சியரைக் கூட்டிவந்தேன்.

அவரை எல்லோரும் ஓவர்சியர் சார் என்றுதான் சொல்வோம். கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கிருந்தோ வந்து மன்னார்குடியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு போட்டோவை நம்பப் பயம். விற்கிறவர்களுக்கு, எதை எதைப் பூசி மெழுகிவிட்டு விலை சொல்லலாம் என்று தெரிய வேண்டும். இரண்டு தரப்புக்கும் அவர் வேண்டியிருந்தார். எனக்கும் வேண்டியிருந்தார், அவர் கையெழுத்துப் போட்ட வீட்டை வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதில்லை.

ஒல்லியான ஆள். அரைக்கை வெள்ளைச் சட்டை. ஒரு மஞ்சள் பையில் தூக்குக்குண்டு, ரசமட்டம், பேனாக்கத்தி, மூணு கட்டை டார்ச், ஒரு கோலிக்குண்டு. செருப்பை வாசற்கதவுக்கு வெளியே தெருவிலேயே விட்டுவிடுவார். தரையைப் பாதத்தால் பார்க்க வேண்டுமாம். கூடத்தின் நடுவில் கோலிக்குண்டை வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருவார். அது தானாக நகர்ந்து எந்த மூலைக்குப் போகிறது என்று அவர் பார்ப்பார். வீட்டுக்காரர், அவர் மனைவி, மச்சான், நான் எல்லோரும் சுற்றி நின்று அந்தக் கோலியையே பார்ப்போம். லட்சக்கணக்கில் விலைபோகிற வீடு ஒரு கோலிக்குண்டுக்குப் பயந்து நிற்கும். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

சித்திரை, வைகாசியில்தான் வருவார். எங்கள் பக்கம் களிமண். கோடையில் பூமி பிளந்துபோகும், அதோடு சுவரும் பிளக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து மழையும் பெய்துவிட்டால் மண் ஊதிக்கொள்ளும். விரல் நுழைகிற விரிசல்கூட ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். அதனால் விவரம் தெரிந்த புரோக்கர்கள் கார்த்திகையில்தான் வீடு காட்டுவோம். நானும் அப்படிக் காட்டியவன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவரிடம் ஒருதடவை கார்த்திகையில் வரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"வீடு இப்ப வாய மூடிக்கிட்டு இருக்குங்க. சித்திரையில வரேன், அப்ப பேசும்" என்றார்.

அவரிடம் இரண்டு விசித்திரமான வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ஒதுங்குவது. ஒரு வாசற்படியைத் தாண்டும்போதோ குறுகலான நடையில் போகும்போதோ சட்டென்று நின்று, சுவரோடு முதுகை ஒட்டி, எதிரே வருகிறவருக்கு வழிவிடுவது போல ஒதுங்குவார். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத் தொடர்ந்து நடப்பார். எல்லா வீட்டிலும் இப்படிச் செய்வதில்லை. "யாருக்கு சார் வழி உடுறீங்க?" என்று நான் கிண்டல் பண்ணினால், "பழக்கங்க" என்பதோடு சரி.

இரண்டாவது, ரிப்போர்ட்டின் கடைசி வரி. உத்தரம், சுவரில் ஏறிய ஓதம், ஒயரிங், கிணறு எல்லாம் எழுதி முடித்த பிறகு, அடியில் 'வசிப்போர்' என்று போட்டு ஓர் எண் எழுதுவார். வீட்டுக்காரரைக் கேட்டு எழுத மாட்டார். தரை எங்கே தேய்ந்திருக்கிறது, சுவிட்சைச் சுற்றி எத்தனை உயரத்தில் அழுக்கு இருக்கிறது, சுவரில் எங்கெங்கே தலை சாய்ந்த எண்ணெய்க்கறை இருக்கிறது என்று டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பார்ப்பார். அந்த வெளிச்சத்தில் சுவரின் ஒவ்வொரு கறையும் எழுந்து நிற்கும். எழுதிய பிறகுதான் கேட்பார், "இங்க எத்தனை பேர் இருக்கீங்க?"

"இது எதுக்கு சார் ரிப்போர்ட்ல?" என்றேன் ஒருநாள்.

"எத்தன பேர் பொழங்குற வீடுன்னு தெரிஞ்சாத்தானே செப்டிக் டேங்க் எப்ப ரொம்பும்னு சொல்ல முடியும்?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பெரும்பாலும் எண் சரியாக இருக்கும். சரியாக இல்லாதபோதுதான் சங்கடம்.

குடவாசல் பக்கம் ஒரு பெரிய வீடு. நிலபுலம் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "நாலு பேர்" என்றார்.

"அஞ்சு பேர்ங்க" என்றார் ஓவர்சியர்.

"என் வீட்ல எத்தன பேருன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் எங்களைச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். விறகு போட்டுவைக்கிற இடம். மூலையில் சுவரில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், ஒரு கறை. கறுத்து, பளபளவென்று, உள்ளங்கை அளவு குழிந்தேபோயிருந்தது. அதற்கு நேர் கீழே சிமெண்டுத் தரை வழுக்குகிற மாதிரி தேய்ந்திருந்தது. "நாப்பது வருஷம் இருக்குங்களா, இவங்க இங்க படுக்க ஆரம்பிச்சு?" என்று கேட்டார்.

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. "அவளா? அவ வேலைக்கு இருக்கிறவ. வீட்டு ஆள் இல்லியே."

"அது வீட்டுக்குத் தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு ஐந்து என்றே விட்டுவிட்டார். அந்த அம்மாள் விளக்குமாறும் கையுமாகக் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ஓவர்சியர் போகும்போது அவரிடம் போய், "போயிட்டு வரேங்க" என்று கைகூப்பினார். அந்த அம்மாளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டியில் அது போய்விட்டது. அங்கே ஒரு ரிட்டையர்ட் வாத்தியார் வீடு. வாத்தியாரும் அவர் மனைவியும். "பையன் மஸ்கட்ல இருக்கான், மாசம் தவறாம வந்துட்டுப் போறான்" என்றார்கள். மாசம் தவறாமல் மஸ்கட்டிலிருந்து யார் வர முடியும் என்று நான் கேட்கவில்லை. பையனின் அறையைக் காட்டினார்கள். இஸ்திரி போட்ட சட்டைகள் வரிசையாகத் தொங்கின. கட்டிலுக்கடியில் செருப்பு. மேஜையில் தண்ணீர்ச் சொம்பு, மேலே தட்டு மூடி. அந்த அம்மா, "நேத்துகூட இந்தச் சட்டையத்தான் போட்டிருந்தான்" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ஓவர்சியர் வாசற்படியில் பாதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்தார். ஒதுங்கி யாருக்கும் வழிவிடவில்லை. வெளியே வந்து 'வசிப்போர்: 2' என்று எழுதினார்.

வாத்தியார் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "மூணுன்னு இருக்கணுமே" என்றார், பள்ளிக்கூடத்துப் பையனுக்கு விடை திருத்துகிற குரலில்.

"அந்த ரூம்ல ஆள் நடந்து ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு ஊரில் விசாரித்தேன். பையன் போன இடத்திலிருந்து ஒன்பது வருஷமாக ஒரு தகவலும் இல்லையாம்.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை நான் அவரோடு சண்டை போட்டேன். "ஒரு ஆளக் கூட்டிப் போட்டா என்ன சார் குடிமுழுகிப்போவுது? பெத்த வயிறு. அவங்க மூணுங்கறாங்க, மூணுன்னு எழுதிட்டுப் போங்களேன்."

"இல்லாத ஆளை எழுதினா, இருக்கிற ஆளை எழுதறதுக்கு மதிப்பு இல்லாமப் போயிடுங்க" என்றார். பஸ் ஏறுகிறபோது, "அந்தம்மாவப் பாத்ததும் எனக்கும் மூணுன்னு எழுதத்தான் கை வந்துச்சு" என்றார்.

அவருக்குக் குடும்பம் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். "நான் இருக்கிற எடத்துல நான் டார்ச் அடிச்சுப் பாக்கறதில்லீங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு சித்திரை மாதக் காலை. பத்து மணிக்கே வெயில் சுட்டது. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. என் பெண்ணைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் யாராவது சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் அவள் படம்கூடக் கிடையாது. மாலை போட்டு மாட்டக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவளுடைய துணிமணி, புத்தகம் எல்லாம் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் பிள்ளை இல்லாத தம்பதி.

தெருவில் செருப்பை விட்டார். கோலி வைத்த இடத்திலேயே நின்றது. எனக்குப் பெருமைதான். கூடத்தில் ஒரு விரிசல், சமையலறையில் கொஞ்சம் ஓதம். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

கூடத்திலிருந்து கொல்லைக் கதவுக்கு ஒரு நீளமான நடை உண்டு, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் இடிக்கும். அதில் நான் முன்னால் போனேன். காலடிச் சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தேன். ஓவர்சியர் வலது சுவரோடு முதுகை ஒட்டி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

எத்தனை வீட்டில் அதைப் பார்த்துக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அவர் இடது சுவரில் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தார். கூடமெல்லாம் பெயின்ட் அடித்திருந்தோம், அந்த நடைக்கு மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்புதான். என் மனைவியின் பிடிவாதம். வெள்ளையடித்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த வெள்ளைச் சுவரில், கூடத்து முனையிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும், மெல்லியதாக ஒரு கோடு எழுந்தது. நான்கு விரல் கோடு. சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே போனால் விழுகிற அழுக்கு.

என் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இடது கைக்காரி. கொல்லைக்கு ஓடும்போதெல்லாம் இடது கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே ஓடுவாள். "சுவத்தத் தொடாம போடி, இப்பத்தான் வெள்ள அடிச்சிருக்கு" என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரி கை பட்டிருக்கும் சார்" என்றேன்.

"அம்மா கை சமையக்கட்டுக் கதவு நெலவுல இருக்குங்க. அது தடிச்ச கை. இது மெல்லிசு, சின்ன வயசு." பேனாக்கத்தியை எடுத்தார். கோட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பை மெதுவாக, படலம் படலமாகச் சுரண்டினார். வருஷத்துக்கு ஒரு பூச்சு. மேல் பூச்சில் கோடு என் நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதற்கு அடுத்த பூச்சில் ஒரு விரல் கீழே. அதற்கும் அடுத்ததில் இன்னும் இறங்கி. அவர் சுரண்டச் சுரண்ட அந்த அழுக்குக் கோடு படி இறங்குவது போல இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்பது பூச்சு போனபோது அது என் இடுப்புக்குக் கீழே நின்றது. அந்த உயரம் எனக்குத் தெரியும். அங்கே வைத்து நான் அவள் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

"வளர்ற புள்ள" என்றார் ஓவர்சியர். "இப்ப பதினேழு இருக்குங்களா?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டார்ச்சை எதிர்ச் சுவருக்குத் திருப்பினார். மேலும் கீழும் அடித்துப் பார்த்தார். அது பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

"போற கை மட்டுந்தாங்க இருக்கு. இடது கைப் பழக்கம். திரும்பி வந்தா இந்தப் பக்கத்துச் சுவர்ல படணும். படல."

பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் எழுத ஆரம்பித்தார். நான் எழுந்து பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. இந்த மனிதர் கையால் ஒரு எண், மூன்றாவது ஆள் யார் என்று வாங்குகிறவர் கேட்டால் அதோடு என் ஃபிளாட்டும் போயிற்று, இனி ஒவ்வோர் ஆனிக்கும் அந்தச் சத்தம்தான்.

"சார், ரெண்டுன்னு போடுங்க. நாங்க ரெண்டு பேர்தான். ஊர்ல யார வேணா கேளுங்க."

"போட முடியாதுங்க."

"உங்க காலத் தொட்டுக் கேட்டுக்கறேன் சார். நான் இந்த வீட்ட உட்டுப் போகணும்."

"நீங்க போங்க. நான் வேணாம்னு சொல்லல. ஆனா மூணு பேர்ங்க."

என் மனைவி சமையலறை வாசலிலிருந்து வந்தாள். அவள் அலறுவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்துக் கை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி நடைக்குப் போனாள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். கோட்டில் கை இருந்தால் தலை எங்கே இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தாள்.

"என் ஒசரத்துக்கு வந்துட்டா" என்றாள்.

திரும்பி வந்து ஓவர்சியரிடம் இரண்டு கையையும் நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "இத நான் வெச்சுக்கறேங்க" என்றாள். "ஒம்பது வருஷத்துல எங்க வீட்ல மூணு பேருன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

அவர் கைகூப்பினார். தெருவரை கூடவே போய், "அது யாரு சார்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"எத்தன பேருங்கறதுதான் எனக்குத் தெரியும். யாருன்னு வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. சிங்கப்பூர்க்காரருக்கு வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வேறு வீடுகளுக்கும் ஓவர்சியரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டதாக மன்னார்குடியிலிருந்து சொன்னார்கள். அவர் இருந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது.

ஓவர்சியர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று சாயங்காலம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. என் மனைவி கொல்லைப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க, ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"அவ போனதுக்கு அடுத்த பொங்கலுக்கு வெள்ள அடிச்சீங்கள்ல, சுவரு அப்படியே வெளேர்னு இருந்துச்சு. என்னால பாக்க முடியல. கையில எண்ணெயத் தொட்டுக்கிட்டு, அவ ஒசரத்துக்குக் குனிஞ்சு, நான்தான் அந்தக் கோட்டப் போட்டேன். அடுத்த வருஷம் கொஞ்சம் மேல போட்டேன், வளந்திருப்பால்ல. மூணு வருஷம் போட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பெரிய நிம்மதியும் வந்தது. அவ்வளவுதானா? பெற்றவள் செய்த வேலையா? ஓவர்சியருக்கும் கடைசியில் எண் தப்பிவிட்டதா?

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நாலாவது வருஷம் போடலாம்னு போறேன், கோடு ஏற்கனவே இருக்கு. கரெக்டா ஒரு விரல் மேல. அப்பத்தான் உங்க மனசு எனக்குப் புரிஞ்சுது. வெளியில வீட்ட விக்கணும், விக்கணும்னு குதிச்சாலும், நீங்களும் தெனம் அவள நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு. அதோட நான் உட்டுட்டேன். நீங்கதான் பண்றீங்களே."

வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் எனக்குக் காதில் சலசலவென்று கேட்டது.

அந்தச் சுவரை நான் தொட்டதே இல்லை. அந்த நடையில் போகும்போதெல்லாம் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு போகிறவன் நான். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்ததில்லை.

"ஆமா" என்றேன். "நான்தான்."

இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்தோம். ஐம்பது நாள் ஆகிறது. கோடு வந்துவிட்டது. இப்போதெல்லாம் உயரம் கூடுவதில்லை, இருபதைத் தாண்டிய பெண் இனி வளர மாட்டாள். தஞ்சாவூர் ஃபிளாட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இன்னும் மூன்று மாதத்தில் மேட்டூர் திறந்துவிடுவார்கள். பஸ் ஏறிப் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஓவர்சியரிடம் இருந்தது போலவே ஒரு மூணு கட்டை டார்ச் வாங்கி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் என் மனைவி கோலம் போடப் போகிற நேரத்தில், நடைக்குப் போய் டார்ச்சைப் படுக்கவைத்து, எதிர்ச் சுவரில் அடித்துப் பார்க்கிறேன். அது இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

அதில் ஒரு கோடு விழுகிறவரை இந்த வீட்டை விற்க மாட்டேன்.